பிக்கப் வண்டியில் ‘பவர் சிப்’ பொருத்தலாமா?

(ஜலகண்டாபுரத்தில் உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முன்னாளில் மாட்டு வண்டி செய்த வேலையை இன்று இந்த வட்டாரத்தில் பிக்கப் வண்டி செய்கிறது. மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளிக் கிழங்கு, காய்கறி எல்லாம் தாரமங்கலம் வழியாகச் சேலத்துக்கும், எடப்பாடிக்கும், மேட்டூருக்கும் அதில்தான் போகின்றன. உரமும் தீவனமும் அதில்தான் திரும்பி வருகின்றன. பலருடைய வண்டிக்கு இன்னும் தவணை முடியவில்லை. வண்டி ஒரு வாரம் நின்றால் பறித்த காய் வீணாகும், தவணையும் தவறும்.

‘எஞ்சின் கம்ப்யூட்டரில் ஒரு சிப் போட்டால் இழுவையும் கூடும், மைலேஜும் கூடும் என்கிறார்களே, போடலாமா?’ என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதற்கான விடையை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பழைய பம்பும் புதிய கம்ப்யூட்டரும்

கிணற்றடியில் டீசல் எஞ்சின் வைத்து இறைத்தவர்களுக்குக் கவர்னர் தெரியும். சுமை கூடினால் அது டீசலைக் கூட்டும். சுமை குறைந்தால் குறைக்கும். பழைய வண்டிகளில் டீசல் பம்பும் இதே முறையில்தான் இயங்கியது. 1951-இல் தொடங்கப்பட்டு, 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிய மைக்கோ நிறுவனத்தின் பம்பைத் தெரியாத மெக்கானிக் இந்தப் பக்கம் இருக்க மாட்டார். அந்தப் பம்பின் அளவுத் திருகைச் சிலர் சீல் உடைத்துத் திருப்பி விடுவார்கள். வண்டி சற்று வேகமாக இழுக்கும். பின்னால் கரும்புகை கிளம்பும். அந்தப் புகை முழுவதும் எரியாத டீசல். அதாவது, உங்கள் பணம்.

இப்போதுள்ள காமன் ரெயில் எஞ்சினில் அந்தத் திருகுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரே குழாயில் 1,000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் தயாராக நிற்கிறது. ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டது, காற்று எவ்வளவு உள்ளே வருகிறது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதையெல்லாம் சென்சார்கள் தெரிவிக்க, இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒரு விநாடியில் 100 முறை எரிபொருள் செலுத்தும் நேரம் வருகிறது. இந்தக் கணக்குக்கான அட்டவணையைத்தான் ‘மேப்’ என்கிறார்கள்.

சிப் என்ன செய்கிறது?

சிப் என்ற பெயரில் மூன்று வகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன.

முதல் வகை, டாஷ்போர்டின் கீழே உள்ள சோதனைச் சாக்கெட்டில் செருகும், சில நூறு ரூபாய் விலையுள்ள சிறு பெட்டி. இந்த வகைப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள், விளக்கு எரியச் செய்வதைத் தவிர அவற்றில் வேறு வேலை நடக்கவில்லை என்று கண்டிருக்கிறார்கள். செலவு சிறிது, பயன் எதுவுமில்லை.

இரண்டாவது வகை, சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே பொருத்தும் பெட்டி. குழாயில் அழுத்தம் போதியபடி இருக்கும்போதே, குறைவாக இருப்பதாக இது கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. டீசல் கூடுதலாக இறங்குகிறது. நாடி பார்க்கும் வைத்தியரிடம் நோயாளி பொய் சொல்லி மருந்து வாங்குவதைப் போன்றது இது.

மூன்றாவது வகை, கம்ப்யூட்டரின் மேப்பையே அழித்து வேறு மேப்பைப் பதிப்பது. இதை ரீமேப் என்பார்கள்.

பின்னிரண்டு வகைகளிலும் டர்போ எஞ்சினில் குதிரைத்திறன் உண்மையிலேயே கூடும். அதைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திறன் சிப்பிலிருந்து வரவில்லை; கூடுதலாக எரியும் டீசலிலிருந்து வருகிறது. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். டீசலைக் கூட்டிக் காற்றைக் கூட்டாவிட்டால் புகைதான் மிகும். காற்றையும் கூட்டினால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும்.

விலை கொடுப்பது யார்?

தயாரிப்பாளர் எஞ்சினின் முழுத் திறனையும் வெளியே விடாமல் ஓரளவு இருப்பு வைத்திருக்கிறார். கோடை வெயில், தூசி, கலப்பட டீசல், மேடு, அளவு மீறிய பாரம் ஆகியவற்றைத் தாங்குவதற்கான இருப்பு அது. விதை நெல்லைப் போல அதில் கை வைக்கக் கூடாது. நம் வண்டிகளோ ஏற்கெனவே அந்த இருப்பைத் தின்றுகொண்டுதான் ஓடுகின்றன. சித்திரை வெயிலில் மூட்டை அடுக்கி மேடேறும் பிக்கப்பையும், நகரத்தில் ஒருவர் மட்டும் ஏறிச் செல்லும் காரையும் ஒன்றாக எண்ணக் கூடாது. காரில் தாங்கிய சிப் பிக்கப்பில் தாங்காமல் போவதற்கு இதுவே காரணம். பிஸ்டன் மேற்பகுதி, ஹெட் கேஸ்கட், டர்போ, கிளட்ச் தட்டு ஆகியவை முதலில் அடிபடும்.

அடுத்தது பிரேக். எஞ்சினின் திறனைக் கூட்டியவர் பிரேக்கின் திறனைக் கூட்டவில்லை. சிப் விற்கும் சிலர், மணிக்கு 80 கிலோமீட்டர் என்ற வேகக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுவதாக ஆசை காட்டுகிறார்கள். பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 80-இல் ஒரு பங்கு தூரம் வேண்டுமானால், 100-இல் ஒன்றரைப் பங்குக்கு மேல் வேண்டும். தருமபுரிப் பக்கம் சரக்கு ஏற்றிப் போய்வரும் உங்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சேலம் நோக்கி வரும் அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளை நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவது, புகை வடிகட்டி. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கும் புதிய வண்டிகள் பி.எஸ்.6 விதிப்படி வருகின்றன. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இவ்வண்டிகளின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. டீசல் கூடினால் கரி கூடும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அப்போது சிப் போட்டவரே வடிகட்டியையும் கழற்றிவிடச் சொல்வார். அமெரிக்காவில் இப்படித்தான் நடந்தது. பத்தாண்டுக் காலத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 நவம்பரில் மதிப்பிட்டது. அதனால் காற்றில் சேர்ந்த கேடு, மேலும் 90 லட்சம் பிக்கப் வண்டிகளைச் சாலையில் விட்டதற்குச் சமம் என்றும் அது கணக்கிட்டது.

நான்காவது, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கம்பெனி வாரண்டி போய்விடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையிலும் தகராறு எழ இடமுண்டு. சிப் விற்றவர் அப்போது உடன் வரமாட்டார்.

மைலேஜ் கூடுமா?

வண்டிக் கம்பெனிகள் அரைக் கிலோமீட்டர் மைலேஜுக்காகப் போட்டி போடுகின்றன. செலவில்லாமல் மேப்பை மாற்றி மைலேஜைக் கூட்ட முடியுமானால், எஞ்சினுக்கும் புகைக்கும் கேடின்றி அதை அவர்களே செய்திருப்பார்கள்.

ஆயினும், சிக்கனத்துக்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 250 லிட்டர் செலவாகும். அதை 13 ஆக்கினால் மாதம் 19 லிட்டர் மிச்சமாகும். அதற்குச் செய்ய வேண்டியவை:

1. ஏர் பில்டரைக் கவனியுங்கள். மண் பாதையிலும் கதிரடிக்கும் களத்திலும் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் கண்ட கெடுவுக்கு முன்பே அது அடைத்துக்கொள்ளும்.

2. டயர் காற்றை வாரம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது, பாரத்துக்கேற்ற அளவில் பாருங்கள்.

3. டீசல் பில்டரில் சேரும் தண்ணீரை வடியுங்கள். தண்ணீரும் தூசியும் இன்ஜெக்டருக்கு எமன்.

4. அனுமதித்த பாரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். மேட்டில் எஞ்சின் திணறும் முன்பே கியரைக் குறையுங்கள்.

5. டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பிக் கணக்குப் பாருங்கள். இதற்கென ஒரு நோட்டு வையுங்கள்.

இழுவை முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தால் அது நோய். சிப் அதற்கு மருந்தாகாது. டர்போ ஹோஸ் விரிசல், இன்ஜெக்டர் பழுது, கிளட்ச் தேய்வு, ஒட்டிக்கொண்ட பிரேக் ஆகியவற்றில் எது காரணம் என்று பட்டறையில் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நன்றாக இருந்தும் உங்கள் பாரத்துக்குப் போதவில்லையென்றால், நடையை இரண்டாக்குங்கள். அல்லது அடுத்த முறை பெரிய வண்டியாக வாங்குங்கள். பழைய வண்டி வாங்கும்போது, கம்ப்யூட்டர் மேப் மாற்றப்பட்டதா, வடிகட்டி இருக்கிறதா என்று கம்பெனிப் பட்டறையில் சோதித்த பின்பே முன்பணம் கொடுங்கள்.

சிப்புக்கு என்று எடுத்து வைத்த பணம் இருந்தால், அதில் நல்ல ஏர் பில்டரும், பிரேக் லைனிங்கும், தேய்ந்த டயருக்கு மாற்றும் வாங்கிப் போடுங்கள். வண்டியும் அதை ஓட்டுகிறவரும் நலமாக வீடு திரும்புவதே நமக்கு முதல் இலாபம்.