தாக்ஷிண்யமும் முதலீடும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பணத்தைப் பற்றிப் பேச வந்த நான் பழைய செய்தியொன்றிலிருந்து தொடங்குகிறேன். 1906-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. வெள்ளையர் கம்பெனி என்ற பெயரையே ஜாமீனாகக் கொண்டு பணம் போட்டிருந்த குடும்பங்கள் பல நிலைகுலைந்தன. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்கி தோன்றியது.

ஆயினும் பெயரை நம்பும் வழக்கம் நம்மை விட்டகலவில்லை. 1872-ல் தோன்றிய மயிலாப்பூர் ஹிந்து பர்மனெண்ட் பண்டின் நிர்வாக இயக்குநர், பணம் போட்டோரின் புகாரின்மேல் 2024 ஆகஸ்டில் கைதானார். குற்றத்தைத் தீர்மானிப்பது நியாயஸ்தலத்தின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது பணம் போட்டோர் பட்ட கவலையை.

இப்பொழுது அதே நம்பிக்கை கிரிப்டோ நாணயச் சந்தைகளின்மேல் செல்கிறது. அமெரிக்காவில் ஜெமினி என்னும் சந்தை, வாடிக்கைக்காரரின் நாணயங்களை ஜெனிஸிஸ் என்னும் வேறொரு கம்பெனிக்குக் கடன் கொடுத்து வட்டி பெறும் திட்டமொன்றை நடத்தியது. ஜனங்கள் நம்பியது ஜெமினியை. பொருள் சென்றதோ ஜெனிஸிஸிடம். 2022 நவம்பரில் ஜெனிஸிஸ் பணம் திருப்பித் தருவதை நிறுத்திற்று. அந்தக் கம்பெனியைச் சரிவர ஆராயாத குற்றத்திற்காக நியூயார்க் நிதித்துறை 2024 பிப்ரவரியில் ஜெமினிக்கு 3 கோடியே 70 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. வாடிக்கைக்காரருக்கு 110 கோடி டாலருக்குக் குறையாமல் திரும்பச் சேர்ப்பிக்கவும் ஏற்பாடு செய்தது.

நமது தேசத்தில் கிரிப்டோ லாபத்திற்கு 2022 முதல் நூற்றுக்கு 30 வரி உண்டு. வரி வாங்குவதாலேயே சர்க்கார் ஜாமீன் நிற்பதாகாது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் கடமைகளைச் செய்யாததற்காகப் பைனான்ஸ் என்னும் சந்தைக்கு 2024 ஜூனில் 18 கோடியே 82 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அத்தகைய அபராதம் பொக்கிஷத்தைச் சேருமேயன்றி, நஷ்டப்பட்டவர் கையைச் சேராது.

'பேராசை பெருநஷ்டம்' என்று இழந்தவரைப் பழிப்பது எளிது. ஆனால் நம்மில் பலர் இழப்பது ஆசையாலன்று, தாக்ஷிண்யத்தாலேயே. தியாகராய நகர்க் கல்யாண மண்டபத்திலோ அடையாற்று வீட்டுக் கிருகப்பிரவேசத்திலோ ஒருவர் உறவுமுறை சொல்லி அருகில் உட்கார்ந்து, "நம்மவர் பலர் சேர்ந்திருக்கிறார்கள்" என்கிறார். மறுத்தால் மனம் வருந்துவாரோ என்று பென்ஷன் பணத்தையும் பெண்ணின் விவாகத்திற்கு வைத்ததையும் கொடுத்து விடுகிறோம்.

அவ்வாறு அழைப்பவரும் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அனுமதியற்ற வைப்புத் திட்டங்களைத் தடுக்கும் 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பொய்யென்று தெரிந்தே வாக்குறுதி கூறிப் பிறரை அவற்றில் சேரத் தூண்டுபவருக்கு 1 வருஷம் முதல் 5 வருஷம் வரை சிறையும், 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆகையால் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பணம் கடைசியில் யார் கையில் சேர்கிறது? அவருக்கு அனுமதி அளித்தவர் யார்? வேண்டும்பொழுது திரும்பக் கிடைக்குமா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நமது சங்கக் கூட்டங்களிலும் இப்பத்திரிகையிலும் எவ்வித முதலீட்டுப் பிரசாரத்திற்கும் இடமில்லையென்று இன்றே தீர்மானிக்குமாறு பிரேரேபிக்கிறேன். பரஸ்பர சகாயத்திற்காக ஏற்பட்ட சங்கத்தின் பெயர், எவருடைய வியாபாரத்திற்கும் ஜாமீனாகலாகாது.