அவித்த நெல்லும் அடைத்த டப்பாவும்



சங்க விருந்துக்கு முன்னால் என்னைப் பேச விட்டிருக்கிறீர்கள். நீட்டி முழக்கினால் அடுத்த ஆண்டு கூப்பிட மாட்டீர்கள் என்று தெரியும்.

நம் வீடுகளில் எடை கூடினால் முதல் பழி சோற்றின் மேல் விழுகிறது. அடுத்த பழி, ‘பதப்படுத்திய உணவு’ என்று பொத்தாம்பொதுவாக. பதப்படுத்துவதே குற்றம் என்றால் முதலில் பிடிபட வேண்டியது நம் புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்த பிறகுதானே குத்துகிறோம்? ஊறி அவியும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் கணிசமான பங்கு தங்கும்.

மலாயாவில் இதற்குச் சாட்சி உண்டு. நூறாண்டுக்கு முன்பு அங்கே சீனத் தொழிலாளர்கள், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயால் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். தோட்டத்தில் உழைத்த தமிழர்களுக்கு வேறு எத்தனையோ துன்பம் இருந்தது. ஆனால் இந்த நோய் பெரிதாக அண்டவில்லை. சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி, நம்மவர் உண்டது புழுங்கல். 1905-இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவரும் இல்லை. இன்று இப்படியொரு சோதனைக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள், தரவும் கூடாது.

ஆனால் எல்லாப் பதப்படுத்தலும் புழுங்கல் போல நல்லதல்ல. அதற்குச் சாட்சி நம் மேரிலாந்திலேயே, பெத்தெஸ்டாவில் இருக்கிறது. தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளர் கெவின் ஹாலின் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான டப்பா, பாக்கெட் உணவு. இரண்டு வாரம் காய், பழம், மீன், தானியம் என்று அங்கேயே சமைத்தது. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். டப்பா உணவில் நார் போதாமல் எலுமிச்சைச் சாறு போன்ற பானங்களில் கலந்து ஈடுகட்டினார்கள் என்றால் பாருங்களேன்! வேண்டுமளவு சாப்பிடலாம் என்பதே விதி. 2019-இல் வெளியான முடிவு: டப்பா உணவு வாரங்களில் ஒவ்வொருவரும் நாளுக்குச் சராசரியாக 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், ஏறக்குறைய எட்டு இட்லி. எடை 0.9 கிலோ கூடியது. சமைத்த உணவில் அதே அளவு குறைந்தது.

காரணம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. ஆனால் டப்பா உணவை அவர்கள் வேகவேகமாக உண்டது பதிவாகியிருக்கிறது. மெல்ல வேலையில்லாத உணவு, வயிறு போதும் என்று சொல்லும் முன்பே உள்ளே போய்விடுகிறது. என் கணக்கில், எடைக்குப் பயந்து சோற்றை ஒதுக்கிவிட்டு இரவு பத்து மணிக்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பதைவிட, ஒரு கரண்டி சோறும் இரண்டு கரண்டி கூட்டும் எவ்வளவோ மேல்.

புதிய நிர்வாகக் குழுவுக்கு ஒரு கோரிக்கை. தமிழ்ப் பள்ளி இடைவேளையில் பிள்ளைகளுக்கு சிப்ஸும் அட்டைப்பெட்டிச் சாறும் கொடுப்பதை நிறுத்துங்கள். பெற்றோர் முறைவைத்துக் கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவரட்டும். முதல் வாரச் சுண்டல் எங்கள் வீட்டுப் பொறுப்பு.