ஆண்டு மலருக்கு ஏற்ற அச்சு முறை

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் நாம், பத்துக் குடும்பங்கள் கூடினால் ஒரு சங்கம் காண்கிறோம். சங்கம் கண்டால் ஆண்டுக்கொரு மலர் வெளியிட விழைகிறோம். இன்றைய தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ் அச்சேறுவது புதுமையன்று. 1578-ஆம் ஆண்டில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது, இப்போது கேரளத்திலுள்ள கொல்லத்தில்தான்.

எங்கள் சங்கம் செய்த பிழையொன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். 300 பேருக்கு வேண்டிய மலரை 1000 பிரதிகள் அச்சிட்டோம். பிரதிகள் கூடினால் ஒன்றின் அடக்கவிலை குறையும் என்ற கணக்கு மெய்யே. ஆயினும் எஞ்சிய 700 பிரதிகள் அலமாரியில் உறங்கின. சிறுவர் தமிழ் வகுப்புக்குப் புத்தகம் வாங்க வைத்திருந்த பணம் அவற்றில் முடங்கிற்று.

இது ஏன் நேர்ந்தது? ஆப்செட் முறையில் அலுமினியத் தகட்டின் எழுத்துப் பகுதி மையை ஏற்கும். மற்றப் பகுதி நீரை ஏற்று மையை விலக்கும். அந்த மை ரப்பர் உறையில் படிந்து, பின்னர் தாளில் இறங்கும். வண்ணப் பக்கத்துக்கு நான்கு தகடுகள் வேண்டும். தகடு செய்யவும் இயந்திரத்தைப் பொருத்தவும் ஆகும் செலவு, 100 பிரதிக்கும் 10,000 பிரதிக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, பெருந்தொகைக்கே அது சிக்கனம்.

டிஜிட்டல் முறையில் தகடு இல்லை. கணிப்பொறியிலுள்ள பக்கம் நேரே தாளுக்கு வருகிறது. ஒரு பிரதியின் செலவு அதிகம் குறையாது. ஆனால் வேண்டிய அளவே எடுக்கலாம். மறு ஆண்டு 300 பிரதிகளை இம்முறையில் எடுத்தோம். பின்னர் 40 பேர் கேட்கவே, அத்தனையும் மீண்டும் எடுத்துக் கொடுத்தோம். விழாவுக்குத் துணிப்பை வேண்டுமாயின் ஸ்கிரீன் அச்சே பொருந்தும்.

அச்சகத்தாரிடம் 300, 500, 1000 ஆகிய மூன்று அளவுகளுக்கும் இரு முறைகளிலும் விலைப்புள்ளி கேளுங்கள். எந்த அளவில் ஆப்செட் மலிவாகிறது என்பது தானே விளங்கும்.

இன்னொன்று: தமிழறியாத அச்சகத்தில் கொம்பும் காலும் இடம் மாறினாலும் கண்டுபிடிப்பார் இலர். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பையே கொடுங்கள். ஒரு மாதிரிப் பிரதியை முழுவதும் படித்த பின்னரே ஒப்புதல் தாருங்கள்.

மலர் எத்தனை கைகளுக்குப் போய்ச் சேரும் என்பதை முதலில் எண்ணுவோம். எந்த இயந்திரம் என்பதைப் பிறகு கேட்போம்.