டாக்குரியாவில் ஒரு மணி உலை

கொல்கத்தாவில் சியால்தாவிலிருந்து தெற்கே செல்லும் மின்சார இரயில் பாதையில், பாலிகஞ்சுக்கும் யாதவபுரத்துக்கும் இடையே டாக்குரியா என்றொரு நிலையம் உண்டு. அதன் அருகே ஒரு வீட்டின் மாடியில் நாங்கள் கணவனும் மனைவியுமாகக் குடியிருக்கிறோம். வார நாட்களில் இருவருக்கும் அலுவலகம். சனி, ஞாயிறு பிற்பகல்களில் அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில் அமர்ந்து கண்ணாடி மணிகள் செய்கிறோம். இதனைப் பகுதிநேரக் கலை என்று நாங்கள் சொல்லிக் கொள்கிறோம். அண்டை வீட்டு மாசிமா இதற்கு 'நெருப்பு விளையாட்டு' என்று பெயரிட்டிருக்கிறார். இரண்டும் பொருத்தமே.

மணி செய்யும் முறையை விளக்குவது எளிது. கைக்கு வருவதுதான் அரிது. மெல்லிய எஃகுக் கம்பியைக் களிமண் குழம்பில் தோய்த்து உலர்த்த வேண்டும். சமையல் எரிவாயுவையும் காற்றையும் கலந்து ஊதும் சுடர் ஒன்றில் வண்ணக் கண்ணாடிக் கோலின் நுனியைக் காட்டினால் அது இளகும். இனிப்புச் செய்யும் பெண்களுக்குக் கம்பிப் பதம் தெரியுமல்லவா? ஏறக்குறைய அந்தப் பதத்தில் அதனைக் கம்பியின்மேல் சுற்ற வேண்டும். சுற்றும் கை ஒரு கணமும் நிற்கலாகாது. நின்றால் மணி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். ஆறிய பின் கம்பியை உருவினால், அது இருந்த இடமே கோப்பதற்குரிய துளை. சுடரில் கண்ணாடியிலுள்ள சோடியம் மஞ்சளாய் ஒளிர்ந்து கண்ணைக் கூசச் செய்யும். அதற்கென டிடிமியம் கலந்த மூக்குக் கண்ணாடி அணிகிறோம். சன்னல்களைத் திறந்து வைக்கிறோம். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுகிறோம். வைகாசிப் புழுக்கத்தில் கொல்கத்தாவில் மின்விசிறியின்றி நெருப்பின்முன் அமர்வதைத் தவம் என்றாலும் தகும்.

மணி உருவானவுடன் வேலை முடிந்துவிட்டதென்று தொடக்கத்தில் எண்ணினோம். அது பெரும்பிழை. வெளிப்புறம் விரைவில் ஆற, உட்புறம் சூடாகவே இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுவிசை கண்ணுக்குத் தெரியாது. நள்ளிரவில் 'டக்' என்று ஓர் ஒலி கேட்கும். காலையில் மணி இரண்டாகக் கிடக்கும். ஆகவே ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சிறிய மின்னுலையில் மணிகளைச் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு பல மணி நேரம் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும்.

இத்தனையும் கற்ற பின்னரும் ஒரு முறை தோற்றோம். மாசிமா தம் பேத்தியின் திருமணத்துக்குச் செம்மணியும் வெண்மணியும் கலந்த மாலை ஒன்று வேண்டுமென்றார். வங்காளத்து மணப்பெண் சங்கு வளையும் சிவந்த 'பொலா' வளையும் அணிவது வழக்கம்; அதற்கு இணையான மாலை. முன்பணமும் கொடுத்தார். சிவப்புக் கோல்களை ஓரிடத்திலும் வெள்ளைக் கோல்களை வேறோரிடத்திலும் வாங்கினோம். சிவப்பு மணிமேல் வெள்ளைப் புள்ளிகள் வைத்தோம். மாலை மிக அழகாய் அமைந்தது. பத்தாம் நாள் அவர் அதனைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். புள்ளிகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள்; நான்கு மணிகள் உடைந்தே போயிருந்தன. அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எங்களுக்கு மிகவும் வருத்தமாயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். திருமணத்துக்கு வேறு மாலை வாங்கிக் கொண்டார்கள்.

காரணம் கண்ணாடியின் குணத்தில் இருந்தது. எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரே அளவில் சுருங்குவதுமில்லை. வளையல் செய்யும் சோடாக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ஆய்வுக்கூடக் குப்பிகளின் போரோசிலிகேட் விரியும். சோடாக் கண்ணாடிகளுக்குள்ளேயே வேறுபாடுண்டு. பொருந்தாத இரண்டை ஒட்டவைத்தால் அவை என்றாவது பிரிந்தே தீரும்.

எங்கள் வீட்டிலிருந்து சிறு தொலைவில், யாதவபுரத்தில், 1950இல் திறக்கப்பெற்ற மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் இயக்குநராய் விளங்கிய ஆத்மாராம், செம்பினால் கண்ணாடிக்குச் செந்நிறம் எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆராய்ந்தவர். அந்த மதிலோரம் பேருந்தில் செல்லும்போதெல்லாம் எங்கள் செம்மணிகளை நினைத்துக் கொள்வோம். செம்பு விந்தையான பொருள். சுடரில் காற்று மிகுந்தால் கண்ணாடிக்கு நீலப்பச்சை தரும். காற்றைக் குறைத்தால் சிவப்புத் தரும். சூடு மிஞ்சினாலோ ஈரலின் நிறமாய் மங்கிவிடும்.

இந்தச் செம்புச் சிவப்பு நம் முன்னோர் நன்கு அறிந்தது என்பதைப் பின்னர்த்தான் படித்துணர்ந்தோம். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு மீண்டும் அகழ்ந்தது. அங்கே செய்யப்பட்ட சின்னஞ்சிறு மணிகளின் இனத்துக்கு, இந்தோ-பசிபிக் மணிகள் என்று பீட்டர் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் பெயரிட்டார். ஆப்பிரிக்கக் கரை முதல் கொரியா வரை இவ்வின மணிகள் கிடைக்கின்றன. தீமோர்த் தீவில் இத்தகைய செம்மணிகளைப் பரம்பரைச் சொத்தாகவே போற்றுகிறார்கள்.

அம்மணிகளை எங்களைப்போல் ஒவ்வொன்றாய்ச் சுற்றவில்லை. ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலத்திலும் தொடர்ந்துள்ள முறையைக் கொண்டு அதனை அறிகிறோம். நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைக் கூம்பாய்த் திரட்டுகிறார்கள். குழாயினுள் ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பின் நடுவே துளையிடுகிறார்கள். உலையின் மறுபுறம் இருப்பவர் முனையைக் கொக்கியால் பற்றி இழுக்க, துளையோடு கூடிய மெல்லிய குழல் நூல்போல் வந்துகொண்டே இருக்கும். அதனைத் துண்டு துண்டாய் நறுக்கி, துளை அடைபடாதவாறு சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றினால், கூரிய விளிம்புகள் மழுங்கி மணிகளாகும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருபது மணிகள் செய்கிறோம். அவர்களோ ஓர் உலைக்கு எண்ணற்றவை. ஒப்பிட்டுப் பார்த்தால் எங்களுக்கு நாணமாகவே இருக்கிறது.

அந்த இருபதிலும் மூன்று நான்கு கழிந்து போகும். இவற்றை என்ன விலைக்குக் கொடுப்பது? படாபஜாரில் ஆலை மணிகள் சரம் சரமாய் மலிவாய்க் கிடைக்கின்றன. அவற்றோடு போட்டியிட முயன்று, ஓராண்டு காலம் எரிவாயுவின் செலவுக்கே விற்று வந்தோம். இது தயாளம் அன்று, அறியாமை. இதையே நம்பி வாழும் கைவினைஞரின் விலையையும் மாதச் சம்பளம் வாங்கும் நாங்கள் கெடுக்கிறோம் என்பது, டாக்குரியா பாலத்தருகே தட்சிணாபண் அங்காடியில் பல மாநிலக் கைவினை நிலையங்களைச் சுற்றிப் பார்த்த ஒரு மாலையில்தான் உறைத்தது. இப்போது உழைத்த நேரத்தையும் கணக்கிட்டே விலை சொல்கிறோம். வாங்குவோர் குறைந்தனர்.

மாசிமாவின் மாலையை நாங்கள் மறக்கவில்லை. புதிய கோல்கள் வந்தால் இப்போது ஒரு சோதனை செய்கிறோம். சிவப்பையும் வெள்ளையையும் அருகருகே ஒட்டி உருக்கி, மெல்லிய இழையாக இழுத்து ஆறவிடுகிறோம். இரண்டும் ஒத்துச் சுருங்கினால் இழை நேராய் நிற்கும். ஒவ்வாவிடில் ஒரு பக்கமாய் வளைந்துவிடும். இவ்வாறு ஏழெட்டு இழைகள் வில்போல் வளைந்தன. சென்ற பூசை விடுமுறையில் இழுத்த இழை ஒன்று நேராய் நின்றது. அதனை எடுத்துச் சென்று மாசிமாவிடம் காட்டினோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பேத்தியின் கழுத்தளவைக் குறித்துக் கொள்ளச் சொன்னார்.