சங்கத்தில் அடிபட்டால் யார் பொறுப்பு?

1947 ஆகஸ்ட் 9. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு பெண் தன் வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைக்கிறார். பக்கத்தில் சீத்தம் கிரிக்கெட் சங்கத்தின் மைதானம். ஆட வந்திருந்த வெளி அணியின் மட்டையாளர் ஓங்கி அடித்த பந்து வேலிக்கு மேலே பறந்து வந்து அந்தப் பெண்ணின் தலையைத் தாக்கியது. அவர் வழக்குப் போட்டார். பந்தை அடித்தவர் மேல் அல்ல. மைதானத்தை நடத்திய சங்கத்தின் கமிட்டிக்காரர்கள் மேலும் உறுப்பினர்கள் மேலும்.

‘போல்ட்டன் எதிர் ஸ்டோன்’ என்ற அந்த வழக்கை இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். முதல் நீதிமன்றத்தில் சங்கம் ஜெயித்தது, மேல்முறையீட்டில் அந்தப் பெண் ஜெயித்தார், 1951-இல் பிரபுக்கள் சபை மறுபடி சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வேலியின் உயரம் 7 அடி. தரை சரிவானதால் ஆடுகளத்திலிருந்து கணக்கிட்டால் 17 அடி. ஏறக்குறைய 30 ஆண்டுகளில் ஆறு முறைதான் பந்து தெருவுக்குப் போயிருந்தது. இவ்வளவு அரிதான ஆபத்துக்கு முன்கூட்டியே தடுப்புச் செய்யாததைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது என்றார்கள் நீதிபதிகள். வாரம் தவறாமல் பந்து தெருவில் விழுந்திருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

சங்கத்தை விட்டுவிட்டு ஆட்களின் மேல் ஏன் வழக்கு? பதிவு செய்யப்படாத சங்கத்துக்குச் சட்டத்தின் பார்வையில் தனி உருவம் கிடையாது. பெயர்ப்பலகை இருக்கும், ரசீதுப் புத்தகம் இருக்கும், ஆண்டுவிழாகூட நடக்கும். நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டியவர்கள் மட்டும் மனிதர்கள்தான்.

அடிபட்டவர் வெளியாள் அல்ல, உறுப்பினரே என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. 1980-களில் இங்கிலாந்தில் ஒருவர் தம் சங்கத்து வளாகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வெளியே வரும்போது குழியில் விழுந்து காயப்பட்டார். தலைவர் மேலும் செயலாளர் மேலும் வழக்குத் தொடர்ந்தார். சங்கத்தின் நடத்தைக்குச் சட்டப்படி அவ்விருவரே பொறுப்பு என்று விதிப் புத்தகத்திலேயே எழுதியிருந்தது. ஆனாலும் அவர் தோற்றார். அந்த இடம் எல்லா உறுப்பினருக்கும் சொந்தம், விழுந்தவரும் அவர்களில் ஒருவர், பதவியில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவர் சக உறுப்பினருக்கு ஈடு கட்ட வேண்டியதில்லை என்று ‘ராபர்ட்சன் எதிர் ரிட்லி’ வழக்கில் முடிவானது. காயப்பட்டுப் படுத்திருப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் இது கொடுமைதான்.

பதவி மாட்டிவிடாத இடத்தில் கையில் எடுத்த வேலை மாட்டிவிடுகிறது. 1950-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், சங்கத்தின் பணிகளைக் கவனித்துவந்த உறுப்பினர் ஒருவர் படிக்கட்டு விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் இறங்கிய இன்னொரு உறுப்பினர் விழுந்தார். மற்ற உறுப்பினர்கள் தப்பினார்கள். விளக்கை அணைத்தவர் பொறுப்பாளியானார். நார்தாம்ப்டனில் சக உறுப்பினர்கள் கால்பந்து ஆடுவதற்கு உள்ளரங்கம் ஏற்பாடு செய்த ஒருவரிடம், கூரை ஒழுகித் தரை ஈரமாக இருப்பதாக அரங்கத்தார் சொன்னார்கள். அவர் அதை ஆட வந்தவர்களிடம் சொல்லவில்லை. ஒருவர் வழுக்கி அடிபட்டார். மற்றவர்களுக்காக ஒரு காரியத்தை ஏற்றுக்கொண்டவர், தமக்குத் தெரிந்த ஆபத்தை அவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றது 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சங்கங்களில் இருப்போர் மனத்தில் வைக்க வேண்டிய வழக்கு இதுதான். சங்கத்துக்காக மலையேற்றம் ஏற்பாடு செய்து, நடுக்காட்டில் பாதை சரிந்திருப்பதாகக் காலையிலேயே போனில் கேட்டுவிட்டு, ஏற்பாடு கெட்டுவிடுமே என்று வாயைத் திறக்காதவரின் நிலையும் இதேதான்.

சம்பளம் வாங்காமல் ஆசைக்காகச் செய்கிறோம் என்ற வாதமும் காப்பாற்றுவதில்லை. 1998 ஜனவரியில் வேல்ஸில் ஒரு அமெச்சூர் ரக்பி ஆட்டம். இரு அணியினரும் பிணைந்து முட்டித் தள்ளும் ‘ஸ்க்ரம்’மின் முன்வரிசையில் பழகிய ஆட்டக்காரர் ஒருவர் காயத்தோடு வெளியேற, அந்த இடத்தில் பழக்கமில்லாத ஒருவர் இறங்கினார். அதன்பின் இரு அணிகளும் முட்டித் தள்ளாத ஸ்க்ரம்தான் என்று நடுவர் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். முடிவை அவர் அணியிடமே விட்டுவிட்டார். ஆட்டத்தின் கடைசியில் ஸ்க்ரம் தவறாகப் பிணைந்து, ஓர் இளைஞர் வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலியில் இருக்க நேர்ந்தது. நடுவர் அமெச்சூர்தான், ஆனாலும் பொறுப்பாளி என்று 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அவருக்காகப் பொறுப்பேற்றுக்கொள்ள வேல்ஸ் ரக்பி சங்கம் பின்னால் நின்றது. அப்படி யாரும் இல்லாத சிறிய சங்கங்கள்தான் நம்மிடையே அதிகம்.

இந்தியாவில் பதிவு செய்த சங்கத்துக்குக் கொஞ்சம் கவசம் உண்டு. 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி, சங்கத்தின் சார்பில் நிர்வாகியின் பெயரில் வந்த தீர்ப்பைச் சங்கத்தின் சொத்திலிருந்துதான் நிறைவேற்றலாம், அவருடைய வீட்டிலிருந்து அல்ல. தமிழ்நாட்டுக்கு 1975-இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் ஒருவர் தம் சொந்தக் கவனக்குறைவால் பிறருக்குத் தீங்கு செய்திருந்தால் பதிவுச் சான்றிதழ் அவரை மறைக்காது. உயிரே போய்விட்டால் வழக்கு காவல் நிலையத்துக்குப் போகிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை. “என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்” என்று வாங்கிவைத்த கையெழுத்து அந்த வழக்கைத் தடுக்காது.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறப் போன 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு விதிகளை வகுத்தது அதன் பிறகுதான். யாரிடம் அனுமதி வாங்கினோம், வழிகாட்டி யார், தீ மூண்டால் எந்தப் பக்கம் இறங்குவது என்ற கேள்விகளுக்கு, கிளம்பும் முன் ஒரு தாளில் பதில் எழுதிவைக்க எந்தச் சங்கத்துக்கும் அரை மணி நேரம் போதும்.

காப்பீடு எடுக்கும் சங்கங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாம் நபருக்கான பாலிசி என்றால் தெருவில் போகிறவருக்கு அடிபட்டால் பணம் வரும். ஒரு உறுப்பினரால் இன்னொரு உறுப்பினருக்கு அடிபட்டால்? அது பாலிசியில் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று, பிரீமியம் கட்டும் முன் பொருளாளர் முகவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.