கத்தரிக்கு அஞ்சும் பிள்ளை
(நன்கொடையாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



ஆட்டிசம் உள்ள பிள்ளை முடிவெட்டும்போது அலறுவது பிடிவாதமல்ல. மிஷின் இரைச்சலும் கழுத்தில் விழும் முடியும் அதற்குத் தாங்கமுடியாத வேதனை. ஒலியும் தொடுதலும் இப்படி உறுத்துவதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 2013-இல் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது. ஆனாலும் பண்டிகை நெருங்கினால் நாலுபேர் அமுக்கிப் பிடித்து வெட்டுகிறார்கள்; அடுத்த முறை பயம் இரட்டிப்பாகிறது.

நாங்கள் பெற்றோருக்குச் சொல்வது இதுவே: முதலில் சீப்பு மட்டும். பிறகு, ஓடாத மிஷினைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அப்புறம் தூரத்தில் ஓடவிட்டு, நாளுக்கு நாள் அருகே கொண்டுவாருங்கள். பத்து வரை எண்ணி, சொன்னபடி நிறுத்துங்கள். அப்போதுதான் பிள்ளை நம்பும். பாதி வெட்டோடு எழுந்தாலும் பரவாயில்லை.

இதற்கு வேண்டியது நேரமும் பொறுமையும். ஒரே பிள்ளையோடு வாரக்கணக்கில் உட்கார எங்களுக்கு நேரம் தருவது உங்கள் காணிக்கையே.