கடைசி வாங்குப் பிள்ளைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமப் பாடசாலையொன்றில் மூன்றாந் தர வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியை கரும்பலகையில் ஒரு சிறு கதையை எழுதிப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பிக்கிறார். அப்பொழுது மற்றோர் ஆசிரியை வாயிலில் வந்து நின்று மூவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். கடைசி வாங்கிலிருந்து மூன்று பிள்ளைகள் கொப்பிகளுடன் எழுகின்றனர். அவர்கள் எங்கே போகின்றனர் என்பது எல்லார்க்கும் தெரியும். “மொக்குகளின் வகுப்பு” என்று ஒரு சிறுவன் மெல்லச் சொல்கிறான். வாங்கிலிருந்து வாயிலுக்குப் பத்தடி தூரமே உண்டு. ஆயினும் அப் பத்தடியைக் கடப்பது அப் பிள்ளைகளுக்கு எளிதன்று.

இவ்வாறு பின்தங்கிய பிள்ளைகளைச் சிறிது நேரம் வேறாக அழைத்துக் கற்பிப்பதைப் பரிகாரக் கற்பித்தல் என்பர். இதனாற் பிள்ளை பெறுவது அதிகமோ, இழப்பது அதிகமோ என்பது பெற்றோரும் ஆசிரியரும் ஆராயத்தக்க வினாவாகும்.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இவ்வினா எழுந்ததில்லை. அங்கே வகுப்பு என ஒன்று ஒருமிக்க நகரவில்லை. ஒரு பிள்ளை மணலில் அகரம் எழுத, மற்றொன்று எண்சுவடி சொல்ல, மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னையில் படைவீரரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை மேற்பார்த்த அந்திரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு தம் விடுதியிலும் அதனைக் கையாண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைக் குறித்து 1797இல் அவர் வெளியிட்ட நூலினால், அது ‘சென்னை முறை’ என இங்கிலாந்திலும் பரவியது. திண்ணைப் பள்ளியிற் பிரம்படியும் மனப்பாடச் சுமையும் இருந்தன. அவற்றைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் முதற் பாடம் முடியாத பிள்ளையை இரண்டாம் பாடத்துக்குத் தள்ளும் வழக்கம் அங்கு இருக்கவில்லை.

இன்று வயதே வகுப்பை நிருணயிக்கிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் ஏழைப் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு அகலத் திறந்தது. இது பெரும் பேறு. எனினும் கதவினுள் நுழைந்த பிள்ளை, அரிவரியை முற்றக் கல்லாமலே ஆண்டுதோறும் மேல்வகுப்புக்கு ஏறிவிடுகிறது. அதன் கையிலுள்ள புத்தகமோ, அது வாசிக்க வல்லதென்று எண்ணி எழுதப்பட்டது.

குடாநாட்டிற் பிள்ளைகள் பின்தங்கியமைக்குக் காரணங்கள் பல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. மர நிழலிலும் கொட்டிலிலும் படித்த பிள்ளைகள் பலர். படியாது விட்டவரும் பலர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொவிட் நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடமும் இல்லாமற் போயிற்று. இவர்களை மந்தபுத்தியுடையோர் என்பது நீதியன்று. இவர்கள் கற்க மாட்டாதவர் அல்லர். கற்க வேண்டிய காலத்திற் கற்பிக்கப்படாதவர்.

நம் மொழியின் இயல்பையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். பேச்சில் ‘வாழை’க்கும் ‘வாளை’க்கும் பலர் வேறுபாடு காட்டுவதில்லை, பிள்ளையோ எழுத்தில் அதனைக் காட்ட வேண்டும். கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் நிற்கும் ‘கொ’, ‘கோ’ என்பனவற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய்ப் படிக்க முயன்று தடுமாறும் பிள்ளையும் உண்டு. கணிதத்தில் 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என எழுதும் பிள்ளை கவனமின்றி எழுதவில்லை. இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க இயலாது என்று கண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது. இத்தகைய தவறு எங்கே தொடங்கியது என்று அறிய, அப் பிள்ளையின் அருகில் ஒருவர் இருந்து பார்த்தல் வேண்டும். பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஆசிரியர் ஒருவருக்கு இது பெரும்பாலும் இயலாத காரியம்.

இம்முறை பயன் தருமோ என்பதற்கு இந்தியாவிலிருந்து ஒரு சான்று உண்டு. மும்பை, வதோதரா ஆகிய நகரங்களின் மாநகராட்சிப் பள்ளிகளில், பிரதம் என்னும் நிறுவனம் உள்ளூர் இளம்பெண்களுக்கு இரண்டு வாரப் பயிற்சியளித்துப் பாலசகி என்னும் பெயருடன் பணியில் அமர்த்தியது. மூன்றாம், நான்காம் வகுப்புகளிற் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை அவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் வேறாக அழைத்து எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். பின்னாளில் 2019இல் நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் உள்ளிட்ட ஆய்வாளர் இதனை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். வேறாக அழைக்கப்பட்ட பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர். அவர்கள் வெளியேறியதனால் வகுப்பு சிறிதாகியும், அங்கே எஞ்சியிருந்தோர் அதனாற் குறிப்பிடத்தக்க பயன் அடையவில்லை. பிள்ளைகளின் தொகை குறைந்ததைவிட, அவர்களின் நிலைக்கேற்பக் கற்பித்தமையே பயன் தந்ததென்பது இதனாற் புலனாகிறது. திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தபின் அவ்வூதியத்தின் பெரும்பகுதி குன்றியது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. சிலநாட் செய்து கைவிடும் வேலையன்று இது.

ஆகவே பிள்ளையை அழைத்தல் தகும். ஆனால் அழைக்கும் முறை அறிந்து அழைத்தல் வேண்டும். சித்திரம், சங்கீதம், விளையாட்டு ஆகிய நேரங்களிற் பிள்ளையை எடுத்துவிடுவது எளிது. அது பெருந் தவறு. வாசிப்பிற் பின்தங்கிய பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும் இடம் சிலவேளை அந்த விளையாட்டு வெளி ஒன்றே. தாய்மொழி வகுப்பில் விளங்காப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அழைப்பதே முறை. வேறறையிற் கற்பித்தது என்ன என்பதை வகுப்பாசிரியர் அறிந்து, பிள்ளை மீண்டு வந்ததும் அது வாசிக்கக் கூடிய இரண்டு வரிகளை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் செய்தல் வேண்டும். எப்பொழுது திரும்பிவிடும் என்பதும் முதலிலேயே தெரிந்திருத்தல் நன்று. திரும்பி வரும் வழியில்லாத பரிகார வகுப்பு, கடைசி வாங்கை வேறோர் அறைக்கு நகர்த்தியதாகவே முடியும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பிள்ளையைக் காலையிலும் மாலையிலும் தனி வகுப்புக்கு அழைத்துச் செல்லும் தாய் அதனை மறைப்பதில்லை. அயலவரிடம் பெருமையாகவே சொல்கிறாள். அதே பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தனியே அழைக்கப்பட்டால், “என் பிள்ளையை ஏன் ஒதுக்குகிறீர்கள்?” என்று கலங்குகிறாள். இரண்டும் மேலதிகக் கற்பித்தலே. ஒன்றில் இல்லாத அவமானம் மற்றதற்கு எங்கிருந்து வந்தது? அதனை உண்டாக்கியவர் பெரியோரே; பிள்ளைகள் அதனைக் கேட்டுப் பழகினர். புலமைப்பரிசில் பெறும் பிள்ளைக்குப் பாடசாலை செலவிடும் நேரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கோ நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவும் ஆளில்லை என்று சொல்லப்படுகிறது.

அடுத்த முறை அந்த ஆசிரியை வாயிலில் நின்று அழைக்கும்போது, வகுப்பாசிரியை தம் பாடத்தை ஒரு கணம் நிறுத்தி, “போய்ப் படித்துவிட்டு வாருங்கள், நீங்கள் வந்தபின் இந்தக் கதையின் முடிவை உங்களுக்குச் சொல்கிறோம்” என்று அம் மூவருக்கும் சொல்வாராயின், அவர்கள் அப் பத்தடியைக் கூசாமற் கடப்பர். திரும்பி வருவதற்கும் அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கும்.